ஒட்டுப் படலம்

குடும்ப சமரச வாரியம் புதுக் கட்டடத்துக்குக் குடிபோன அன்று முதன்முதலில் மூக்குடைபட்டவர் அந்த வாரியத்தின் குறிப்பெழுத்தர். பேச்சுக்குச் சொல்கிற மூக்குடைப்பு இல்லை, எலும்பே விரிசல் விட்டது. கையில் ஃபைல் கட்டும் முகத்தில் புது அலுவலகப் பெருமையுமாக வேகமாக நடந்தவர், எதிரே வெறும் இடமாகத் தெரிந்த இடத்தில் 'டொம்' என்று நின்றார். அங்கே சுவர் இருந்தது. கண்ணாடிச் சுவர். அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து அவர் பெயர் மூக்கர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சம்பளப் பிரிவு மட்டும்தான் பயன்படுத்தியது, அதுவும் எழுத்துப் பிழையோடு.

மூக்கரின் வேலை என்னவென்றால், சண்டை போட்டுக்கொண்டு வருகிற கணவன் மனைவியைச் சமரச அலுவலர் அம்மா ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசும்போது, மூலையில் இருந்துகொண்டு அவர்கள் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுவது. பழைய கட்டடத்தில் அதற்குச் செங்கல் அறைகள் இருந்தன. ஜன்னல்கூட ஒழுங்காகக் கிடையாது. ஆனால் கதவைச் சாத்திவிட்டால் மனிதர்கள் மனம்விட்டு அழுதார்கள், திட்டினார்கள், சில சமயம் சிரிக்கவும் செய்தார்கள்.

புதுக் கட்டடத்தில் வாரியத் தலைவர் எல்லாவற்றையும் கண்ணாடியாக்கிவிட்டார். திறப்பு விழாவில் அவர் பேசினார்: "இந்த வாரியத்துல இனிமே ஒளிவு மறைவுக்கு இடமே இல்ல! மக்கள் நம்மளப் பாக்கணும், நாம மக்களப் பாக்கணும்!" கைதட்டல் எழுந்தது. மூக்கரும் தட்டினார். மூக்கில் பஞ்சு இருந்ததால் மெதுவாகத் தட்டினார்.

பிறகு நடந்தது இதுதான். சமரச அறைகளுக்கு எதிரே மனுதாரர்கள் காத்திருக்கும் கூடம். தங்கள் முறைக்காக உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதால் கூடம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அடுத்து அந்தாளு எழுந்து போவான் பாரு" என்று ஒருவர் சொல்ல, "போகமாட்டான், மொகத்தப் பாரு, பயந்த மொகம்" என்று இன்னொருவர் மறுத்தார். ஒருநாள் உள்ளே ஒரு பெண், கணவனைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியவள், தற்செயலாகக் கூடத்தைப் பார்த்தாள். அத்தனை கண்களும் அவள்மேல் இருந்தன. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் சரியாப் போச்சு, நான் கெளம்பறேன்" என்றாள். எதுவும் சரியாகவில்லை என்பது அவள் எழுந்த விதத்திலேயே தெரிந்தது. மூக்கர் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று எழுதினார். சொன்னதைத்தானே எழுத வேண்டும்.

அன்று சாயங்காலம் அவருக்கு அபூர்வமாக ஒரு துணிச்சல் வந்தது. சமரச அறைகளின் கண்ணாடிக்கு ஏதாவது ஒட்டினால் நன்றாயிருக்கும் என்று தலைவருக்கு ஒரு வரி எழுதிப் போட்டார். அந்த ஒரு வரிதான் அவர் செய்த உருப்படியான காரியம். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு.

தலைவர் குழு போட்டார். தலைவரே குழுவுக்கும் தலைவர். சட்ட ஆலோசகரும் கணக்கு அதிகாரியும் உறுப்பினர்கள். "கண்ணாடி விஷயத்துல நேரடி அனுபவம் உள்ளவர் நம்ம மூக்கர் ஒருத்தர்தான்" என்று தலைவர் சிரிக்காமல் சொன்னதால், மூக்கர் உறுப்பினர்-செயலர் ஆனார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அந்தப் பதவியை இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை கொஞ்சம் இடைவெளி விட்டு, "உறுப்பினர்... செயலர்" என்றார்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் கம்பியை மாட்டிவிட்டுக் களைத்து வந்திருந்தாள். "நல்லது. காய் நறுக்கித் தாங்க, உறுப்பினர்" என்றாள். "செயலர் அடுப்பைப் பாத்துக்கட்டும்."

முதல் கூட்டம் முழுவதும், ஒட்டப்போகும் பொருளுக்கு என்ன பெயர் என்பதிலேயே போனது. உலகமே அதை பிலிம் என்கிறது. தலைவருக்கு அது சினிமாவை ஞாபகப்படுத்தியது. கணக்கு அதிகாரி "ஒட்டுத்தாள்" என்றார். தாள் என்றால் காகிதம், காகிதம் என்றால் எழுதுபொருள், எழுதுபொருளை மூன்று மாதத்துக்கு மேல் சுவரில் வைத்திருக்க விதி இடம் தராது என்றார் சட்ட ஆலோசகர். கடைசியில் "ஒட்டுப்படலம்" என்று முடிவானது. மூக்கர் அதை அழகான கையெழுத்தில் எழுதி, அடியில் கோடு போட்டார். அவருக்கு அது பெரிய சாதனையாகவே பட்டது. பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது கூட்டத்துக்கு பிலிம் கடைக்காரர் மாதிரிகளோடு வந்தார். எல்லாருக்கும் தலையாட்டுகிற மனிதர். யார் என்ன கேட்டாலும் "பண்ணிடலாம் சார்" என்பார். முதலில் பனி படர்ந்த மாதிரி வெள்ளையாக இருந்த ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். வெளிச்சம் மட்டும் மெதுவாக வந்தது. அந்தப் பக்கம் நின்ற பியூன் மங்கலான ஒரு நிழலாகிவிட்டார்.

"இதுதான் சார் ஆபீஸ் ரூமுக்கெல்லாம் போடறது. வெளிச்சம் வரும், ஆளு தெரியாது."

தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "என்னய்யா இது, ஒண்ணுமே தெரியலையே!"

"தெரியக்கூடாதுன்னுதானே சார்..."

"அட, ஒண்ணும் தெரியாம இருக்கிறதுக்கு ஒரு குழு எதுக்கு? இதுல நம்ம பங்களிப்பு என்ன?"

கடைக்காரர் உடனே "அதானே சார்" என்று துண்டைச் சுருட்டினார். இதுதான் நமக்கு வேண்டியது என்று மூக்கருக்கு உடனே பட்டது. வாயைத் திறந்தார். தலைவர் அவரைப் பார்த்தார். திறந்த வாயைச் சும்மா மூடினால் நன்றாயிருக்காதென்று, "கொஞ்சம் பால் வெள்ளை ஜாஸ்திதான் சார்" என்றார். சொன்ன பிறகு, தான் சொன்னதில் ஒரு நிபுணத்துவம் இருப்பது போலவும் தோன்றியது.

கணக்கு அதிகாரி சிக்கனக்காரர். "முழுக் கண்ணாடிக்கும் எதுக்கு? மனுஷன் அழறது மொகத்துலதானே. மொகம் இருக்கிற உயரத்துக்கு ஒரு பட்டை ஒட்டினா போதும்."

மனுதாரர்களின் முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்று அளக்கும் பொறுப்பு மூக்கருக்கு வந்தது. விவாகரத்து வாசல்வரை வந்துவிட்ட மனிதர்களை டேப்பும் கையுமாக வழிமறித்து, "ஐயா, ஒரு நிமிஷம், தாடையை நிமிர்த்துங்க" என்று அவர் கேட்டார். ஒருவர் டேப்பைப் பிடுங்கி எறிந்தார். ஒரு கிழவர், தனக்கு இலவசச் சட்டை தைத்துத் தரப்போகிறார்கள் என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

பட்டை ஒட்டியாயிற்று. முகங்கள் மறைந்தன. கால்கள் மறையவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் இப்போது கால்களைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். "அந்தப் பொம்பளை கால ஆட்டாம வெச்சிருக்கா, அவ பக்கம்தான் ஞாயம்." "செருப்பைப் பாரு, இந்தாளு வீட்டுக்குப் பணமே குடுக்கமாட்டான்." முகம் தெரிந்தபோதாவது சிலர் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். காலைப் பார்ப்பதற்கு யாருக்கும் கூச்சமில்லை. கூட்டம் முன்னைவிடக் கூடியது.

அடுத்து சட்ட ஆலோசகரின் யோசனை. "மறைக்கிறோம்ங்கறது தெரியாம மறைக்கணும். மறைக்கிறது தெரிஞ்சா, என்ன மறைக்கிறீங்கன்னு கேப்பான். அதனால படம் போட்ட படலம்." சிரிக்கும் குடும்பம் ஒன்று அச்சடித்த பிலிம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே அளவு பல். ஒட்டிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் படம் சல்லடை மாதிரி துளைத் துளையாக இருந்தது. உள்ளே இருப்பவர்கள் படத்துக்குப் பின்னால் நிழலாட்டம் தெரிந்தார்கள். சிரிக்கும் அம்மாவின் வயிற்றுக்குள் ஒரு பெண் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். சிரிக்கும் அப்பாவின் தோளில் ஒருவன் மேசையைக் குத்தினான். கூடத்துக் குழந்தைகள் அலறின. வெள்ளிக்கிழமை உரித்தெடுத்தார்கள். சிரிக்கும் பையனின் ஒரு காது மட்டும் பசையோடு பசையாக நின்றுவிட்டது.

இதற்குள் மூக்கர் வீட்டிலும் ஆள் மாறிப் போயிருந்தார். பை நிறைய மாதிரித் துண்டுகள். குளியலறை ஜன்னலில் ஒன்று, சமையலறை அலமாரியில் ஒன்று, மேசை விளக்கில் ஒன்று. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் ஒளி ஊடுருவும் சதவீதம் பற்றிப் பேசினார். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பின்பக்க வழியாக அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டதை மூக்கர் பார்த்தார். மேலதிகாரி முன்னால் வாய் திறக்காத மனிதனுக்கு எங்காவது பேசியாக வேண்டியிருக்கிறது என்பதை அவரே உணர்ந்தார். உணர்ந்தும் நிறுத்திக்கொள்ளவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மனைவி சொன்னாள்: "ஏங்க, எங்க கடை முதலாளி பக்கத்து ஊர்ல ஒரு கிளை தொறக்கறாரு. என்னையப் பாத்துக்கச் சொல்றாரு. மேனேஜரா."

மூக்கர் ஒரு துண்டை விளக்குக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்."

"தெனம் ரயில்ல போயிட்டு வரணும். ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணணும். என்ன சொல்றீங்க?"

"இதுல ஓரம் தூக்குது பாரு. பசை சரியில்ல."

மறுநாளும் அவள் கேட்டாள். அதற்கு மறுநாளும். ஒரு தடவை பசை, ஒரு தடவை குமிழி. கடைசியில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். வீடு அமைதியாக இருக்கிறதே என்று மூக்கர் நிம்மதிப்பட்டார்.

அலுவலகத்தில் பேச்சு மூன்றாவது மாதிரிக்கு வந்திருந்தது. ஒருபக்கக் கண்ணாடி பிலிம். ஒரு பக்கம் பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி, மறுபக்கம் பார்த்தால் வெறும் ஜன்னல். தலைவர் அதைக் கடைக்கே போய்ப் பார்த்தார். நல்ல உச்சிவெயில். கடைக்கு உள்ளே நின்றுகொண்டு, தெருவில் போன ஒருவரைப் பார்த்து நாக்கைத் துருத்தினார். அந்த மனிதர் கண்டுகொள்ளாமல் போனார். தலைவர் இன்னொருவரிடமும் செய்து பார்த்தார். தலைவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை மூக்கர் அதுவரை பார்த்ததில்லை.

"இதான்யா வெளிப்படைத்தன்மை! நமக்கு எல்லாம் வெளிப்படை. நாம யாருக்கும் வெளிப்படை இல்ல."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரே ஒரு விஷயம் சார். வெளிச்சம் எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம்தான் மொகம் பாக்குற கண்ணாடியா இருக்கும். இருட்டுப் பக்கத்துல இருந்து பாத்தா எல்லாமே தெரியும். ரூமுக்குள்ள லைட்டு, வெளிய கூடம் மங்கல்னா, தலைகீழாப் போயிடும்."

"போகாது" என்றார் தலைவர்.

"போகாது சார்" என்றார் கடைக்காரர்.

இருவரும் மூக்கரைப் பார்த்தார்கள். கூடத்தில் சிக்கனத்துக்காகப் பாதி விளக்குதான் எரிகிறது, அறைகளில் பளிச்சென்று எரிகிறது, இது தலைகீழாகத்தான் போகும் என்று மூக்கருக்குத் துல்லியமாகத் தெரியும். இத்தனை நாளாக அவர் படித்ததெல்லாம் இந்த ஒரு கணத்துக்காகத்தான். நேராக நிமிர்ந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"குளிர்ச்சியாவும் இருக்கும் சார்" என்றார்.

எல்லா அறைக்கும் ஒட்டினார்கள், தலைவர் அறை உட்பட. சொன்னபடியே தலைகீழாகப் போனது. சமரச அறைக்குள் இருந்த தம்பதிக்கு நான்கு பக்கமும் தங்கள் முகமே தெரிந்தது. கூடத்துக்கோ உள்ளே நடப்பதெல்லாம் முன்னைவிடத் துலக்கமாக, லேசான நீலத்தில், காசு கொடுத்துப் பார்க்கிற சினிமா மாதிரித் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் உள்ளே இருந்தவர்கள் இன்னும் தாராளமாக அழுதார்கள். ஒருவர் மனைவியின் காலிலேயே விழுந்தார். கூடம் "அப்பாடா" என்றது.

தலைவர் அறையில் இன்னும் விசேஷம். ஊழியர்கள் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதற்காகத்தான் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். இப்போது அவருக்கு எதிரே தெரிந்தது அவர் மட்டும்தான். முதல் நாள் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மூக்கரைக் கூப்பிட்டு, "அருமையாத் தெரியுதுய்யா. இப்படி ஒரு கண்ணியமான ஆபீஸ நான் பாத்ததே இல்ல" என்றார்.

"ஆமா சார்" என்றார் மூக்கர். கண்ணாடியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

வெளியே இருந்த ஊழியர்களுக்குத் தலைவர் முழுசாகத் தெரிந்தார். அவர் தூங்குவது, விழித்ததும் தூங்காத மாதிரி ஃபைலைத் திருப்புவது, வயிற்றை எக்கிப் பக்கவாட்டில் நின்று பார்ப்பது எல்லாம் தெரிந்தது. அவர் வெளியே வரும்போது பியூன் அறை விளக்கை அணைத்துவிடுவார். அதனால் வெளியிலிருந்து பார்த்தாலும் அவருக்குத் தன் முகமே தெரிந்தது, திட்டம் வெற்றி என்றே நினைத்துக்கொண்டார். மனுதாரர்கள் கூடத்துப் பக்கம் அவர் வருவதில்லை. யாரும் போய்ச் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டியவர் உறுப்பினர்-செயலர்.

இந்த வெற்றியைப் பார்வையிட மற்ற ஊர் வாரியத் தலைவர்கள் வருவதாக ஏற்பாடானது. பிடித்துப்போனால் எல்லா ஊரிலும் இதே பிலிம். அன்று காலை மனு வரிசையில் முதலாவதாக அழைத்த பெயரைக் கேட்டு மூக்கர் கூடத்தை எட்டிப் பார்த்தார். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய அவர் மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க இங்க?"

"மனு குடுத்திருக்கேன். எதிர்மனுதாரர் நீங்கதான். போய் உக்காருங்க."

எதிர்மனுதாரரே குறிப்பெழுதலாமா என்ற கேள்வி எழுந்தது. சட்ட ஆலோசகரைக் கேட்டார்கள். வாரியத்தில் குறிப்பெழுத்தர் ஒருவர்தான், குறிப்பில்லாமல் விசாரணை இல்லை, ஆகவே எதிர்மனுதாரர் தம்மைப் பற்றித் தாமே நடுநிலையோடு எழுதலாம் என்று அவர் கருத்துச் சொன்னார்.

அறைக்குள் மூவரும் உட்கார்ந்தார்கள். சமரச அலுவலர் அம்மா, "என்ன பிரச்சினைன்னு சொல்லும்மா" என்றார்.

"பிரச்சினை ஒண்ணும் பெருசா இல்ல மேடம். வீட்டுல நான் பேசறது இவர் காதுல விழமாட்டேங்குது. இங்க வந்து பேசினா, ஒரு வார்த்தை விடாம இவரே எழுதியாகணும்ல? அதான் வந்தேன்." மூக்கரைப் பார்த்துத் திரும்பினாள். "எழுதறீங்களா?"

மூக்கர் எழுதினார்.

"எனக்கு மேனேஜர் வேலை குடுக்கறாங்கன்னு மூணு தடவை சொன்னேன். எழுதிட்டீங்களா? மொதல் தடவை ஓரம் தூக்குதுன்னாரு. ரெண்டாவது தடவை பசைன்னாரு. மூணாவது தடவை குமிழின்னாரு. நாளைக்குள்ள பதில் சொல்லணும். பன்னெண்டு வருஷமா அந்தக் கடையில நின்னுக்கிட்டே வேலை பாக்கறேன். மொதல் தடவையா ஒரு நாற்காலி குடுக்கறேங்கறாங்க. அதை ஓடிவந்து சொல்றதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா?"

மூக்கரின் பேனா நின்றது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் சொன்னதை எழுதியிருக்கிறார். எழுதும்போது கேட்டதில்லை. "வேற யாரு இருக்கா" என்ற இடத்தில் கேள்விக்குறி போட வேண்டுமா என்று யோசித்த தன் கையை அவருக்கே அறையலாம் போலிருந்தது.

அதற்குள் கதவு தட்டப்பட்டது. "மேடம், விருந்தாளிங்க வந்துட்டாங்க, தலைவர் கூப்புடறாரு!" அம்மா, "ரெண்டு நிமிஷம்" என்று வெளியே ஓடினார்.

மனைவியின் கண் நிறைந்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடியில் அவள் அழுகிற முகமே தெரிந்தது. "சே! என் மூஞ்சிய நானே எத்தனை பக்கத்துல இருந்து பாக்கறது" என்று எழுந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள்.

அறை இருட்டானது. நான்கு பக்கமும் இருந்த அவர்கள் முகங்கள் மறைந்தன. அந்த இடத்தில் கூடம் தெரிந்தது. இவ்வளவு நேரம் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள், திடீரென்று தங்கள் முகமே எதிரில் வந்துவிட்டதால் திடுக்கிட்டு, அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மனைவி அவர்களைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். "இவங்க இவ்ளோ நேரம் என்னையப் பாத்துட்டா இருந்தாங்க?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

மூக்கர் பேனாவை மூடி வைத்தார். "தெரியும். ஒட்டறதுக்கு முன்னாடியே தெரியும். வாயத் தொறந்தேன், வேற என்னவோ வந்துடுச்சு." பிறகு, யாரும் கேட்காமலே, "எப்போ சேரணும்?" என்றார்.

"எதுல?"

"கிளையில. எத்தனை மணி ரயிலு?"

அவள் பதில் சொல்வதற்குள் கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தலைவர், பின்னால் சட்ட ஆலோசகர், கணக்கு அதிகாரி, நான்கைந்து வெளியூர்த் தலைவர்கள் ஊர்வலமாக வந்து இந்த அறைக்கு முன்னால்தான் நின்றார்கள். கண்ணாடிச் சுவர் முழுக்க அவர்கள் முகம் பளபளத்தது.

"பாருங்க" என்று தலைவர் குரல் உள்ளே கேட்டது. "உள்ள என்ன நடக்குதுன்னு ஏதாவது தெரியுதா? நான் என்ன சொல்றேன்னா, நிர்வாகம்ங்கறது ஒரு கண்ணாடி. அதுக்கு எதிர்ல யார் நின்னாலும் அவங்களுக்கு நல்லது மட்டும்தான் தெரியணும். இப்ப எனக்கு என்ன தெரியுது? நான் தெரியறேன். உங்களுக்கு? நீங்க தெரியறீங்க. குறை எங்கயாவது தெரியுதா?"

யாருக்கும் குறை தெரியவில்லை. ஒரு வெளியூர்த் தலைவர் கண்ணாடிக்கு மிக அருகே வந்து பல்லை இளித்து, ஓரப் பல்லை விரலால் துடைத்தார். இன்னொருவர் காதோரம் நீண்டிருந்த நரையை எச்சில் தொட்டு உள்ளே படியவைத்தார். கணக்கு அதிகாரி எட்டி நின்று இடுப்புப் பட்டையை மேலே இழுத்தார். நம் தலைவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, மூக்கரின் மனைவியின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று, மெய்ம்மறந்து வாரத் தொடங்கினார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மூக்கருக்கும் அடக்க முடியவில்லை. இருட்டில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார்கள். அவர்கள் வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

வெளியே ஒரு குரல்: "எங்க ஊருக்கு உடனே ஏற்பாடு பண்ணிடறோம். எல்லா ரூமுக்கும்."

சிரிப்பு நின்றது. "பாத்துட்டே இருக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி, மெதுவாக.

மூக்கர் எழுந்தார். கதவை ஒரு அடி திறந்து தலையை மட்டும் நீட்டினார். "சார், உள்ள ஆளு இருக்கோம்."

தலைவரின் சீப்பு அந்தரத்தில் நின்றது.

"லைட்டு போடாததால உங்களுக்குத் தெரியல சார். எங்களுக்கு எல்லாம் தெரியுது. லைட்டு போட்டா எங்களுக்குத் தெரியாது, உங்களுக்கெல்லாம் தெரியும். தினம் அப்படித்தான் சார் நடக்குது. பாவம் சார், உள்ள அழறவங்களுக்குத் தெரியவே தெரியாது." உள்ளே திரும்பி, "போடும்மா" என்றார்.

அவள் சுவிட்சைத் தட்டினாள். கண்ணாடியில் இருந்த தலைவர்களெல்லாம் சட்டென்று காணாமல் போனார்கள். அந்த இடத்தில், மேசை, மூன்று நாற்காலி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண். கூடத்து மனுதாரர் ஒருவர் பழக்க தோஷத்தில், "அப்ப சமாதானம் ஆயிட்டாங்க போல" என்றார்.

வெளியூர்த் தலைவர்கள் தரையைப் பார்த்தார்கள். நம் தலைவர் தலைவராவதற்குக் காரணமான திறமை அப்போதுதான் வெளிப்பட்டது. சீப்பைப் பைக்குள் வைத்து, தொண்டையைச் செருமி, "இதைக் காட்டத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார். "எந்தப் படலத்தை ஒட்டக்கூடாதுன்னு நேர்ல பாத்துக்கிட்டீங்க இல்லையா?"

எல்லாரும் கைதட்டினார்கள். இந்தத் தடவை மூக்கர் தட்டவில்லை. அவர் கை வேறொரு கைக்குள் இருந்தது.

அடுத்த வாரமே சமரச அறைகளுக்கு அந்தப் பனி வெள்ளை பிலிம் வந்துவிட்டது, தரையிலிருந்து மேல்வரை. "தலைவர் நேரில் மேற்கொண்ட கள ஆய்வின் அடிப்படையில்" என்று உத்தரவில் இருந்தது. மூக்கரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அந்த உத்தரவை அவர் இரண்டு தடவை சந்தோஷமாகப் படித்தார். தலைவர் தன் அறையில் மட்டும் பழைய பிலிமை மாற்ற விடவில்லை. அதில் தெரிகிற காட்சி அவருக்குப் பிடித்துப் போயிருந்தது.

மனைவி பக்கத்து ஊர்க் கிளையில் மேனேஜராகச் சேர்ந்தாள். சேருவதற்கு முன்னால், மனுவை முடித்து வைக்க ஒருநாள் வாரியத்துக்கு வர வேண்டியிருந்தது. வெள்ளைப் பிலிம் ஒட்டிய அறையில், குறிப்பெழுத்தர் முறைப்படி கேட்டார்:

"சமரசம் எதனால் ஏற்பட்டதுன்னு மனுதாரர் சொல்லணும்."

"இருட்டால."

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. அலுவலர் அறிவுரை, பெரியவங்க தலையீடு, குழந்தைகள் நலன், இதுல ஒண்ணுதான் சொல்லணும்."

"எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லிட்டேன். ஒரு வார்த்தை விடாம எழுதறதுதானே உங்க வேலை?"

மூக்கர் சமரச அலுவலர் அம்மாவைப் பார்த்தார். அம்மா வெள்ளைச் சுவரைப் பார்த்தார். மூக்கர் குனிந்து, அழகான கையெழுத்தில், "இருட்டு" என்று எழுதினார்.